இல்லாத கோபுரம்

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருடங்களில் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் பட்டாசுப் பெட்டி லேபிள்களை வடிவமைத்துக்கொண்டிருந்தேன். கோணலாக எதைக் கண்டாலும் நேராக்கிவிடுவது என் புத்தி.

விருதுநகரில் இருந்த ஒரு பழைய தேவாலயத்தின் நூற்றாண்டு மலர் எங்களுக்கு ஆர்டராக வந்தது. அட்டைப் படத்தில் வலப்பக்க மணிக்கோபுரம் உயர்ந்து நின்றது. இடப்பக்கக் கோபுரமோ கூரை மட்டத்தோடு மொட்டையாக முடிந்திருந்தது. எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. கம்ப்யூட்டரில் வலக்கோபுரத்தை நகலெடுத்து, திருப்பி, இடப்பக்கம் ஒட்டிவிட்டேன்.

மாதிரித் தாளைப் பார்க்கச் சபைக் கமிட்டியிலிருந்து ஒரு டீச்சர் வந்தார்.

“இது எந்த ஊர்க் கோயில் தம்பி?” என்றார்.

“உங்க கோயில்தான் டீச்சர். நல்லா இருக்கட்டுமேன்னு ஒரு கோபுரம் சேத்தேன்.”

“கட்டுறப்ப மளை இல்லாமப் பஞ்சம் வந்து, அதை அங்கனயே நிப்பாட்டிட்டாக. எங்களுக்கு அப்படியே பளகிருச்சு.”

“இதை முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?” என்று எரிந்து விழுந்தேன். தப்பு என்னுடையது என்பதால் கோபம் கூடுதலாகவே வந்தது.

படத்தைப் பழையபடி மாற்றிக்கொடுத்தேன். கிளம்பும்போது டீச்சர் அந்தத் தப்பான தாளைக் கேட்டு வாங்கி, சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

இரண்டு வருடம் கழித்து விருதுநகர் வழியே பஸ்ஸில் போனபோது, தேவாலயத்தின் இடப்பக்கம் சாரம் கட்டியிருப்பதைக் கண்டு இறங்கிவிட்டேன். சாரக் கம்பில் பாலித்தீன் உறைக்குள் என் தாள் தொங்கியது. கொத்தனார் அதைப் பார்த்துப் பார்த்துச் செங்கல் வைத்துக்கொண்டிருந்தார்.

நான் வடிவமைத்ததெல்லாம் தீபாவளிக்கு மறுநாள் தெருவில் குப்பையாகக் கிடக்கும். இது ஒன்றுதான் மேலே ஏறிக்கொண்டிருந்தது.