வண்டியை ஏன் நிறுத்தினீர்கள்?

வக்கீல் ஆபீஸில் ஜூனியராகச் சேர்ந்தால் முதல் வாரமே எல்லோரையும் சந்தேகிக்கப் பழகிவிடுவோம். நம்மையும் எல்லோரும் சந்தேகிப்பார்கள். தொண்ணூறுகளில், ஹவுராவிலிருந்து படகில் கல்கத்தாவுக்கு வேலைக்குப் போன எனக்கு இரண்டும் தாராளமாகக் கிடைத்தன. வாய் திறக்கக் கூசும் சக ஜூனியர்களே, உங்களுக்கு இது புரியும்.

நோட்டுப் புத்தகம்

பெஹாலாவிலிருந்து ஹராதன் என்ற டாக்ஸி டிரைவர் வந்தார். சிவப்பு விளக்கைத் தாண்டினார் என்று ஒரு டிராஃபிக் சார்ஜென்ட் அவருடைய லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டு ரசீது கொடுத்திருந்தார். லைசென்ஸுக்குப் பதிலாகக் காட்டும் அந்த ரசீதின் கெடு முடியப் போகிறது. முடிந்தால் முதலாளி வண்டியை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்.

"விளக்கு சிவப்பா இருந்ததா?" என்று கேட்டேன். என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தவர், எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"திதி, நீங்க எழுதறது கடைசியில யார் கைக்குப் போகும்?" வங்காளத்தில் அக்காவுக்குத் திதி, அண்ணனுக்குத் தாதா.

ரசீது

சீருடையில் இருக்கும் போலீஸ் கேட்டால் லைசென்ஸைக் காட்டித்தான் ஆக வேண்டும். ஆனால் அதைப் பறித்து வைத்துக்கொள்ளத் தகுந்த காரணம் வேண்டும், அதை எழுதவும் வேண்டும் என்றார் சீனியர்.

ஹராதனின் ரசீது கார்பன் பிரதி. பெயர், வண்டி எண், நேரம் எல்லாம் நீலமாகப் பதிந்திருந்தன. காரணம் எழுதும் இடம் மட்டும் காலி. கோர்ட்டுக்குப் போன மேல்தாளிலோ 'சிவப்பு விளக்கு' என்று பளிச்சென்று இருந்தது. சொல்லக் கூச்சமாக இருந்ததால், ரசீதையும் மேல்தாளின் நகலையும் சீனியர் மேஜையில் அருகருகே வைத்துவிட்டு நின்றேன். அவர் ரசீதை மூக்கருகே கொண்டுபோனார். பிறகு, அந்த இடத்தை நான்தான் அழித்தேனோ என்பதுபோல் என்னைப் பார்த்தார்.

"உன் ரப்பரை எடு, பார்ப்போம்."

ஒரே கேள்வி

விசாரணையன்று சீனியர் வேறொரு கோர்ட்டில் மாட்டிக்கொண்டார். நான்தான் எழுந்தேன். வாயில் வந்தது ஒரே கேள்வி: "காரணத்தை எப்போ எழுதினீங்க, சார்?"

"அங்கேயே, மத்ததோட சேர்த்து" என்றார் சார்ஜென்ட்.

ரசீதை நீட்டினேன். மாஜிஸ்திரேட் அதை மேல்தாளோடு சேர்த்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"மத்ததெல்லாம் பதிஞ்சிருக்கே. இந்த ஒரு வரிக்கு மட்டும் கார்பனுக்கு லீவா?"

படகுத்துறை வரை

லைசென்ஸ் கைக்கு வந்ததும், தன்னுடையதுதானா என்று ஹராதன் இரண்டு முறை புரட்டிப் பார்த்தார். என்னைப் படகுத்துறையில் விட்டே தீருவேன் என்று வண்டியில் ஏற்றினார். இரண்டாவது முக்கில் விளக்கு சிவப்பு. வண்டி நிற்கவில்லை.

"தாதா, சிவப்பு! அன்னிக்கும் இப்படித்தானா?"

கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"அதைத்தான் கோர்ட்டுல யாருமே கேட்கலையே, திதி!"

காரணம் சொல்லாமல் போலீஸ் யாரையும் பிடிக்கக் கூடாது என்று ஜெயித்துவிட்டு வந்த நான், இந்த வண்டியை மட்டும் யாராவது காரணமே இல்லாமல் நிறுத்த மாட்டார்களா என்று முக்குக்கு முக்கு வெள்ளைச் சீருடையைத் தேடிக்கொண்டே போனேன்.