மாதத்துக்கு மூன்று தவறுகள்

எங்கள் ஆஸ்பத்திரிக்குத் தரம் வந்து சேர்ந்தது ஒரு திங்கட்கிழமை காலையில், இரண்டு அட்டைப்பெட்டிகளில். தென்மாவட்டங்கள் முழுக்கக் கிளை பரப்பியிருந்த தனியார் ஆஸ்பத்திரி அது. சங்கரன்கோவில் கிளைதான் இருப்பதிலேயே சின்னது. மற்ற கிளைகளெல்லாம் தரச் சான்றிதழ் வாங்கிவிட்டன, நாங்கள் மட்டும்தான் பாக்கி என்று தலைமை அலுவலகத்தில் வருத்தப்பட்டார்களாம். நான் அப்போது பெண்கள் வார்டில் நர்ஸ். ராயகிரியிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போய்க்கொண்டிருந்தேன்.

பெட்டிகளோடு ஒரு மேடமும் வந்தார். குவாலிட்டி மேடம் என்றே அவரைக் கூப்பிட்டோம். பெட்டிகளைப் பிரித்தால் போஸ்டர்கள், கலர் கலராகக் குப்பைக்கூடைகள், நோயாளிகளின் மணிக்கட்டில் கட்டும் பட்டைகள். கை கழுவும் முறையைப் படம் போட்டு விளக்கிய போஸ்டரை வாஷ்பேசினுக்கு மேலே ஒட்டினோம். அந்தக் குழாயில் காலை பத்து மணிக்கு மேல் தண்ணீர் வராது. போஸ்டர் அந்த விஷயத்தில் தலையிடவில்லை. "நோயாளியின் பெயரை நீங்கள் சொல்லாதீர்கள், அவரையே சொல்லச் சொல்லுங்கள்" என்று இன்னொரு போஸ்டர். அதை என் கையாலேயே, நாற்காலி போட்டு ஏறி, கோணாமல் ஒட்டினேன்.

மணிக்கட்டுப் பட்டைகள் உண்மையிலேயே நல்ல ஏற்பாடு. பேரும் வயதும் எழுதிக் கட்டிவிட்டால், ஊசி போடுவதற்கு முன் அதைப் பார்த்து ஆளை உறுதி செய்துகொள்ளலாம். அவ்வளவு நல்ல ஏற்பாடு என்பதால்தான் எங்கள் மூத்த சிஸ்டர் அவற்றை உடனே பீரோவில் வைத்துப் பூட்டினார்.

"இப்பவே கட்டிவிட்டா கொழம்பும் எண்ணெயுமா ஆக்கிப்போடுவாளுக. இன்ஸ்பெக்‌ஷன் அன்னைக்குப் புதுசா எடுத்துக் கட்டுவோம்" என்றார். விருந்தாளிக்கென்று வாங்கிய தட்டில் வீட்டு ஆட்கள் சாப்பிடாத ஊர் இது. எங்களில் ஒருத்திக்கும் அதில் தப்பு தெரியவில்லை.

அடுத்து மேடம் ஒரு பதிவேட்டைக் கேட்டார். வார்டில் நடக்கும் தவறுகளை, நடக்க இருந்து தப்பிய தவறுகளை எல்லாம் எழுதி வைக்கும் நோட்டு. எங்கள் நோட்டு வாங்கிய நாளிலிருந்து வெள்ளையாக இருந்தது. நாங்கள் பெருமையோடு எடுத்து நீட்டினோம். மேடம் புரட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஒரு தவறுகூட இல்லேன்னா இன்ஸ்பெக்‌ஷன்ல நம்ப மாட்டாங்க. மறைக்கிறீங்கன்னு மார்க் குறைப்பாங்க. மாசத்துக்கு மூணாவது இருக்கணும்."

எத்தனையோ மருத்துவர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டு கண்டுபிடித்த முறை அது. தவற்றை ஒளிக்காமல் எழுது, எழுதினவளைத் திட்டாதே, அடுத்த முறை அது நடக்காமல் வழி செய். எங்கள் ஊருக்கு வந்து சேரும்போது அது மாதத்துக்கு மூன்று என்று ஆகியிருந்தது. மூன்றுதானே, எழுதினோம். கையெழுத்து சந்தேகம் வரக் கூடாதென்று பேனாக்களை மாற்றிக்கொண்டோம். மற்றவர்கள் "பாட்டி வழுக்கி விழப் பார்த்தார், பிடித்துக்கொண்டோம்" என்பதைத் தாண்டவில்லை. நான் மட்டும் சத்தியமாக நடந்தது போல எழுதினேன். ஒரு மாத்திரை அட்டை இடம் மாறியது, அதை நான் எப்படிக் கண்டுபிடித்தேன், அதனால் அலமாரியை எப்படி மாற்றி அடுக்கினோம் என்று ஒரு பக்கம். மேடம் படித்துவிட்டு, "உங்களுக்கு நல்லா வருது" என்று பாராட்டினார். எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட வந்தது.

இன்ஸ்பெக்‌ஷனுக்கு இரண்டு நாள் இருந்தது. வார்டில் நான்காவது கட்டிலுக்கு மேலே இருந்த மின்விசிறி ஒன்றுதான் ஒழுங்காகச் சுற்றும். அந்தக் கட்டிலில் குருவிகுளம் பக்கத்து அம்மா ஒருவர், சர்க்கரைக்காரர். ஐந்தாவது கட்டிலில் புளியங்குடியிலிருந்து வந்தவள். எலுமிச்சை மார்க்கெட்டில் காய் தரம் பிரிக்கும் வேலை அவளுக்கு. காய்ச்சலும் வாந்தியுமாகச் சேர்ந்திருந்தாள். எங்கள் பக்கத்துப் பெண்களை அடுத்தடுத்த கட்டிலில் படுக்க வைத்தால் மறுநாளே சொந்தமாகிவிடுவார்கள். "மதினி, ஒங்களுக்கு மேலு கொதிக்கி. நீங்க இங்கன காத்துல படுங்க, நான் அங்கன படுக்கேன்" என்று குருவிகுளத்தம்மா தன் கட்டிலைக் கொடுத்துவிட்டார். ஆட்கள் மாறினார்கள். கட்டில் காலில் தொங்கிய கேஸ்ஷீட்டுகள் மாறவில்லை.

மதியச் சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் ஊசியோடு போனேன். நான்காவது கட்டிலின் ஷீட்டைப் பார்த்தேன், அதிலிருந்த பேரைச் சொன்னேன், "நீங்கதானம்மா?" என்று கேட்டேன். "ஆமா" என்றாள். எங்கள் ஊரில் வெள்ளை உடுப்பு போட்டவர்கள் எது கேட்டாலும் அதுதான் பதில். ஊசியைப் போட்டுவிட்டு, நான் ஒட்டிய அந்தப் பெயர் போஸ்டருக்குக் கீழே நின்று கையெழுத்தும் போட்டேன்.

அரை மணி நேரம் கழித்துக் குருவிகுளத்தம்மா டிபன் கேரியரோடு என் மேசைக்கு வந்தார்.

"ஏம்மா, எனக்கு இன்னைக்கு ஊசி கெடையாதா? சோறு வந்துட்டுல்லா."

அப்படியானால் நான்காவது கட்டிலில் நான் யாருக்குப் போட்டேன்? ஓடினேன். அதில் கிடந்தவள் புளியங்குடிக்காரி, காலையிலிருந்து எதுவும் சாப்பிடாதவள். சேலை முழுக்க வியர்வையில் நனைந்திருந்தது. கண் பாதி திறந்திருந்தது, கூப்பிட்டால் பதில் இல்லை. விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை அதலபாதாளத்தில் இருந்தது. டாக்டர் வந்து நரம்பில் குளுக்கோஸ் ஏற்றச் சொன்னார். முதல் தடவை ஊசி நரம்பில் ஏறவில்லை. இரண்டாவது தடவை ஏறியது. அவள் கண்ணைத் திறந்து, "தண்ணி" என்று கேட்பதற்குள் என் உயிர் போய்விட்டு வந்தது. இன்னொரு அரை மணி நேரம் குருவிகுளத்தம்மாவுக்குப் பசிக்காமல் இருந்திருந்தால் அவள் செத்திருப்பாள்.

டீ வாங்கப் போயிருந்த அவள் புருஷன் வந்து, "என்னாச்சு சிஸ்டர்?" என்று பதறினான். "காய்ச்சல்ல சாப்பிடாம இருந்தாகள்லா, சுகர் கொறஞ்சிட்டு" என்றேன். நோட்டில் பொய் எழுதிப் பழகிய கையோடு வாயும் சேர்ந்து பழகியிருந்தது.

சாயந்தரம் நோட்டை எடுத்துப் பேனாவைத் திறந்தேன். மூத்த சிஸ்டர் நோட்டை என் கையிலிருந்து வாங்கி மூடினார்.

"ஏட்டி, இந்த மாசத்துக்கு மூணு எழுதியாச்சுல்லா. எதுக்கு இன்னொண்ணு?"

மேடத்திடம் போனேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. "இப்ப வேண்டாம். இதெல்லாம் பெரிய தவறு. பெரிய தவறு இருந்தா சான்றிதழே நின்னுடும்" என்றார். பொய்த் தவறு மாதத்துக்கு மூன்று வேண்டும், நிஜத் தவறு ஒன்றுகூட ஆகாது. அன்றைக்குத்தான் தரம் என்றால் என்னவென்று எனக்கு முழுசாக விளங்கியது. ஆனால் அவர்கள் இரண்டு பேரும் தடுத்தபோது எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

இன்ஸ்பெக்‌ஷன் நன்றாக நடந்தது. பட்டைகள் பீரோவிலிருந்து வெளியே வந்தன. வந்தவர்களில் மூத்தவர் நோட்டைப் புரட்டி, என் மாத்திரை அட்டைப் பக்கத்தில் நின்றார். "சின்ன ஊர்ல இவ்வளவு நேர்மையா எழுதறது அபூர்வம்" என்று சொல்லி, எழுதினது யார் என்று கேட்டு எனக்குக் கை கொடுத்தார். கையை நன்றாகக் கழுவியிருந்தேன்.

மறுநாள் புளியங்குடிக்காரிக்கு டிஸ்சார்ஜ். புருஷன் பையை எடுத்துக்கொண்டு முன்னால் போனதும் அவள் என் மேசைக்கு வந்தாள். சுற்றிலும் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"சிஸ்டரம்மா, மன்னிச்சிரணும். அன்னைக்கு நீங்க சொன்ன பேரு என் பேரு இல்ல. எனக்கு அப்பவே தெரியும். வேலையா நிக்கிற ஒங்கள மறிச்சு என்னத்தச் சொல்லன்னு ஆமான்னுட்டேன். என்னாலதான ஒங்களுக்கு அம்புட்டு அலைச்சலு. எங்க வீட்டு ஆளுட்டகூட நான் சொல்லல. ஒங்க வேலைக்கு ஏதும் வந்துரக் கூடாதுல்லா."

நடந்ததை நடந்தபடி அந்த ஆஸ்பத்திரியில் வாய்விட்டுச் சொன்ன ஒரே ஆள் அவள். அதுவும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு. "தப்பு ஒங்க மேல இல்லம்மா, எம்மேலதான்" என்று ஒரு வார்த்தை சொல்வதற்கு எனக்கு வேண்டிய நேரம் இருந்தது. பக்கத்தில் யாரும் இல்லை. எந்த நோட்டிலும் எழுதப்போவதும் இல்லை.

"சரி, இனிமே இப்படிக் கட்டில் மாறிப் படுக்காதீங்க" என்றேன்.

"மாற மாட்டேம்மா" என்று சொல்லிவிட்டு, அவள் மெல்லப் படியிறங்கிப் போனாள்.