சுவருக்குள் ஒரு பெருமூச்சு

சாமிக்கல் சந்தித் தபால் கந்தோரில் பியோனாக இருந்த சூசைரட்ணத்துக்குப் பேய் என்றாலே ஈரக்குலை நடுங்கும். அவருக்கு வாய்த்த கட்டடமோ அதற்கென்றே கட்டியது போல இருந்தது. வட்டகொடையிலிருந்து மேலே ஏறும் வழியில், கோப்பிக் காலத்தில் கொட்டை சேர்த்து வைக்க எழுப்பிய ஸ்டோர் அது. வெளியே கருங்கல், உள்ளே பலகை, நடுவில் ஒரு முழம் வெற்றிடம். கோப்பி அழிந்து தேயிலை வந்ததும், வெள்ளைக்காரன் முன்னால் விறாந்தையும் ஏழு படிகளும் வைத்து அதைத் தபால் கந்தோர் ஆக்கினான். விறாந்தையில் துரைமாருக்குப் பித்தளையில் ஒரு தபால் வாய். தோட்டத்துச் சனம் படியேறிவிடக் கூடாதே! அவர்களுக்குப் பக்கச் சுவரில், இடுப்பளவில், ஓர் ஓட்டை. குனிந்துதான் கடிதம் போட வேண்டும்.

ஐம்பத்திரண்டில் வந்த புதிய போஸ்ட் மாஸ்டர் நல்ல மனுஷர். “இனி எல்லாருக்கும் ஒரே வாய்தான்” என்று ஓட்டையை அடைக்கச் சொன்னார். சூசைரட்ணம் உட்பக்கம் பலகை வைத்து ஆணி அடித்தார். வெளிப்பக்கம் பூச மேசன் வருவான் என்றார்கள். அவன் வரவேயில்லை.

அதன் பிறகுதான் சுவர் மூச்சுவிடத் தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமைகளில் சூசைரட்ணம் தனியாகக் காவல் இருப்பார். நடுப்பகலிலும் பனி சன்னலை அடைத்து நிற்கும். சில ஞாயிறுகளில் பலகைக்குப் பின்னால் சர்ரென்று எதுவோ உரசிக்கொண்டு இறங்கும். கூடவே மெல்லிய பெருமூச்சு. அந்தக் காலத்தில் இந்தியாவிலிருந்து காட்டு வழியாக நடந்து வந்து காய்ச்சலில் விழுந்தவர்களை இந்த ஸ்டோரில்தான் கிடத்தினார்கள் என்று கேள்வி. அவர் சிலுவை போட்டுக்கொண்டு விறாந்தைக்கு ஓடிவிடுவார். ஒன்பது வருஷம் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினாரே தவிர, ஒரு நாளாவது சுவரைச் சுற்றிப் போய்ப் பார்த்தாரா? இல்லை.

தோட்டத்தின் மேல்பிரிவான மேல்கணக்கில் கொழுந்தெடுக்கும் ராக்காயியின் ஒரே மகன் கணேசமூர்த்தி, வேலை வாங்கும் கணக்கப்பிள்ளையோடு சண்டை போட்டுக்கொண்டு இந்தியாவுக்கு, துறையூர்ப் பக்கம் போய்விட்டவன். அவன் கடிதங்களைச் சூசைரட்ணம்தான் அவளுக்கு வாசித்துக் காட்டுவார். எல்லாவற்றிலும் ஒரே கேள்விதான்: ஆத்தா, ஏன் பதில் போடல?

“போடுங்கக்கா. புள்ள கெடந்து தவிக்கிறான்.”

“பள்ளிக்கூடத்துப் புள்ளைங்கள எழுதச் சொல்லிப் போட்டுக்கிட்டுத்தாங்க இருக்கேன்.”

அவள் கடிதம் ஒன்றைக்கூடக் கந்தோரில் கண்டிராதவர், அவளுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்துக்கொண்டார். பிறகு மகனின் கடிதமும் நின்றுபோனது.

அறுபத்தொன்று ஐப்பசியில் ஒரு ஞாயிறு. மலைநீர் கொட்டும் பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு பக்கச் சுவர் வழியாகத் திரும்பினார். பனிக்குள் ஓர் உருவம், முழங்கை வரை சுவருக்குள் கையை விட்டபடி குனிந்து நின்றது. வாளி கைநழுவியது. சத்தம் கேட்டு உருவம் திரும்பியது. ராக்காயி.

“என்னக்கா பண்றீங்க?”

“கடுதாசி போடுறேங்க. மத்தவுங்க மாதிரி தோட்டத்து ஆப்பீசுல குடுத்தா கணக்கப்பிள்ளை பிரிச்சுப் பாப்பாரு. எங்க பொட்டி இதுதானுங்களே?”

“எல்லாரும் மேல போடலாம்னு ஆகி ஒம்பது வருசமாச்சே!”

“யாருங்க எங்ககிட்ட சொன்னாங்க?”

யாரும் சொல்லவில்லை. அறிவித்தல் விறாந்தையில், ஏழு படிக்கு மேலே, இங்கிலீசில் ஒட்டியிருந்தது.

உள்ளே போய்ப் பலகையைப் பெயர்த்தார். நடு வெற்றிடத்தில் பூஞ்சணம் பிடித்த நாற்பது கடிதங்கள், எல்லாம் ராக்காயியுடையவை. தன் கையால் அடித்த ஆணிகளைப் பார்த்துக்கொண்டு சூசைரட்ணம் அழுதார். எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கட்டி, நடந்ததை எழுதி வைத்துத் துறையூருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினார்.

ஒரு மாதத்தில் பதில் வந்தது. படிக்குக் கீழே நின்ற ராக்காயிக்கு ஆசையாக வாசிக்கத் தொடங்கியவர், பாதியில் நிறுத்த வழியில்லாமல் வாசித்து முடித்தார்.

“ஆத்தா போய்ச் சேர்ந்துருச்சுன்னு மூணு வருசத்துக்கு முந்தியே கருமாதி செஞ்சாச்சு. செத்தவுங்க பேருல பூஞ்சக் கடுதாசி அனுப்பி என் புள்ளைங்கள பயமுறுத்தாதீங்க.”

அன்றைக்குப் போடவென்று கொண்டுவந்த கடிதம் ராக்காயியின் மடியில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு முதல் படியில் கால் வைத்தாள்.

“எங்கக்கா போறீங்க?”

“மேலதாங்க. செத்தவள எறங்குன்னு யாரு சொல்லப் போறா?”