உனாய்சியின் ஏழு பென்சில் குறிகள்

நான் வேலை பார்த்த கப்பல் கம்பெனி ஆபீசில் வைஃபை அருமையாக வேலை செய்கிறது. மாடி, கீழ்த்தளம், சரக்குக் கொட்டகை என்று எங்கே நின்றாலும் போனில் ஒரு சிக்னல் கோடு குறையாது. வருகிறவர்கள் எல்லாம் பாராட்டுவார்கள். அவர்கள் பாராட்டும்போது நான் அங்கிருந்து நழுவிவிடுவேன். சுவரின் உச்சியில் மாட்டியிருக்கும் ஏழு வெள்ளை வைஃபை பெட்டிகளும் எந்தெந்த இடத்தில் இருக்க வேண்டும் என்று சொன்னவள் உனாய்சி. அவளை வேலையை விட்டு அனுப்பிய பிறகுதான் அவள் சொன்ன இடங்களில் பெட்டியை மாட்டினோம். மாட்டினோம் என்று என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

உனாய்சி எங்கள் தீவின் வடக்கே இருக்கும் ரா மாவட்டத்துப் பெண். அப்பாவுக்குச் சேப்பங்கிழங்குத் தோட்டம், ஐந்து பிள்ளைகள், இவள் மூன்றாவது. தொழிற்பள்ளியில் படித்து முடித்ததும் செல்போன் கோபுரம் ஏறுகிற வேலைக்குப் போனாள். "ஆம்பளைங்க எல்லாம், 'எங்க எடைக்குத் தாங்காது, நீ ஏறு'ன்னுட்டு கீழ உக்காந்து டீ குடிப்பாங்க மாமா. நான் மேல காத்து குடிப்பேன்" என்று சொல்லிச் சிரிப்பாள். பழம் பறிக்க நியூசிலாந்து போன புருஷன் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டான். இவளுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். தலைநகர் சுவாவில் எங்கள் ஆபீசுக்கு வந்தபோது வயது முப்பத்தாறு. ஒப்பந்த வேலைதான். டிசம்பர் வந்தால் அடுத்த வருஷம் வேலை உண்டா இல்லையா என்று நகத்தைக் கடித்துக்கொண்டு நிற்க வேண்டும். நாலு டிசம்பர் அப்படி நின்றாள். அவளுக்கு வேண்டியதெல்லாம் 'நிரந்தரம்' என்று எழுதிய ஒரு தாள்.

வைஃபை வேலையை நல்லபடியாக முடித்தால் அந்தத் தாளைத் தருவதாக மேனேஜர் அபெனிசா சொன்னார். அவளிடம் சொல்லவில்லை. என்னிடம் சொல்லி, அவளிடம் சொல்லச் சொன்னார்.

காரணம் இருக்கிறது. அபெனிசாவும் ராக்காரர். அவர் அப்பாவும் உனாய்சியின் அப்பாவும் பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகள். அதனால் இவர் அண்ணன், அவள் தங்கை. நமக்கும் அதேதான் முறை. ஆனால் நாம் அண்ணனோடு தட்டைப் பிடுங்கிச் சண்டை போடுவோம். அவர்கள் ஊரில் வயது வந்த அண்ணனும் தங்கையும் நேருக்கு நேர் பேசக் கூடாது. அது மரியாதை. ஒருவர் வந்தால் மற்றவர் ஒதுங்க வேண்டும்; சொல்ல வேண்டியதை மூன்றாவது ஆள் போய்ச் சொல்ல வேண்டும். சுவாவுக்கு வந்த பாதிப் பேர் இதை விட்டுவிட்டார்கள். இவர்கள் இருவரும் விடவில்லை. எழுதிக் கொடுக்கலாமே என்று கேட்பீர்கள். அபெனிசா எழுத்தைப் படிக்கிற ரகம் இல்லை. எந்தத் தாள் வந்தாலும் கடைசி வரியைப் பார்ப்பார், பிறகு "யோவ் முன்சாமி, இதுல என்னய்யா சொல்றாங்க?" என்று கத்துவார்.

அந்த முன்சாமி நான்தான். சாமான் அறை குமாஸ்தா, இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். இருவருக்கும் உறவில்லாதவன் என்பதால் நடுவில் நிற்க வசதியானவன். எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கசப்பான சேதியை உள்ளபடி சொல்ல வராது, சர்க்கரை போட்டுத்தான் சொல்வேன். "நீங்க சாவுச் சேதி சொன்னாக்கூட கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கும்" என்பாள் என் மனைவி. நல்ல குணம் என்றுதான் அவள் சொல்கிறாள் என்று பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆபீசைக் கம்பியில்லாத ஆபீசாக மாற்றுவது என்று மேலிடத்தில் முடிவு செய்தார்கள். கப்பல்களோடு பேசுகிற ஆபரேஷன் அறையிலிருந்துகூட கேபிளை எல்லாம் உருவி எடுத்தாயிற்று. எந்த வைஃபை பெட்டியை வாங்குவது என்ற பேச்சு வந்தபோது விற்பனைக்காரன் ஒருவன் பெரிய பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தான். இதை நடு முற்றத்துக் கம்பத்தில் மாட்டினால் போதும், நாலு பக்கமும் சிக்னல் பிய்த்துக்கொண்டு போகும் என்றான். அபெனிசாவுக்குப் பிடித்துவிட்டது.

"எங்க ஊர்ல ஒரு சங்கு ஊதினா ஊரே கூடிடும். ஒரு ஆபீசுக்கு எத்தனை பெட்டிய்யா வேணும்?"

உனாய்சி அந்தப் பெட்டியை இரவல் வாங்கிக் கம்பத்தில் கட்டிவிட்டு, கையில் லேப்டாப்போடு அறை அறையாக நடந்தாள். அளந்ததை ஆபீஸ் வரைபடத்தில் கலர் பென்சிலால் தீட்டினாள். எல்லா அறையும் பச்சை. அபெனிசா தூரத்தில் இருந்தே அதைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்.

அடுத்த நாள் அவள் ஒரு காரியம் செய்தாள். புயல் எச்சரிக்கைக்கு மட்டும் இறக்குகிற இரும்பு ஷட்டர்களை, சுள்ளென்று வெயில் அடிக்கும்போது, எல்லா ஜன்னல்களுக்கும் இறக்கினாள். உள்ளே இருட்டு, புழுக்கம். "பைத்தியமா உனக்கு? புயல் உன் மண்டைக்குள்ள அடிக்குதா?" என்று கணக்குப் பிரிவில் கூச்சல் போட்டார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளாமல் மறுபடி நடந்தாள். அன்றைய வரைபடத்தில் கீழ்த்தளம் முழுக்கச் சிவப்பு. ஆபரேஷன் அறை அடர்சிவப்பு.

அந்தத் தாளோடு சாமான் அறைக்கு வந்தாள்.

"பாருங்க மாமா. சுவரு பூரா கான்கிரீட், உள்ள இரும்புக் கம்பி. சிக்னல் இப்ப ஜன்னல் கண்ணாடி வழியாத்தான் உள்ள வருது. ஷட்டர் விழுந்தா அந்த வழியும் போச்சு."

"இன்னும் பெரிய பெட்டியா வாங்கிட்டா?"

"பெட்டி கத்தறது முக்கியமில்ல. சங்கு சத்தம் ஊருக்குக் கேட்டா மட்டும் போதுமா? ஊர்க்காரன் பதில் சொல்றது சங்குக்காரனுக்குக் கேக்க வேணாமா? பெட்டிக்குத் தொண்டை பெருசு, நம்ம கையில இருக்கற போனுக்கு அவ்வளவு தொண்டை இல்ல. ரூமுக்குள்ளயே சின்னச் சின்னதா வைக்கணும். ஏழு போதும். வைக்கவேண்டிய இடத்துல குறி போட்டுட்டேன்."

போட்டிருந்தாள். ஏழு இடத்தில், சுவரின் உச்சியில், பென்சிலால் பெருக்கல் குறியும் பக்கத்தில் எண்ணும்.

"அவர்கிட்ட ஒரே வரி சொல்லுங்க மாமா. 'ஷட்டர் மூடற அன்னிக்கு ஆபரேஷன் ரூம் செவிடாயிடும்.' ஆகலாம்னு சொல்லாதீங்க, ஆயிடும்னு சொல்லுங்க. தங்கச்சி கேக்கறான்னு சொல்லுங்க. இந்தத் தாளைக் கையில குடுங்க."

நான் தாளை மடித்துப் பூப்போட்ட சட்டையின் பையில் வைத்தேன். அன்று வெள்ளிக்கிழமை. நாலு மணிக்கு வழக்கம்போல பின்கட்டில் பாய் விரித்து, மரக்கிண்ணியில் யங்கோனா வேர்ப்பொடியைக் குடிக்கக் கரைத்து, சிரட்டை சுற்றிவந்துகொண்டிருந்தது. அபெனிசா நல்ல குஷியில் இருந்தார். ஐம்பத்தைந்தில் ஓய்வு பெற வேண்டிய எனக்கு இரண்டு வருஷ நீட்டிப்பு கேட்டு எழுதிய மனு அதே வாரம் அவர் மேசையில் இருந்தது. இதை மறைத்து என்ன ஆகப்போகிறது? அவர் முகம் சுருங்குவதை நான் விரும்பவில்லை.

சிரட்டையைக் காலிசெய்து வழக்கப்படி கை தட்டிவிட்டுச் சொன்னேன்: "உனாய்சி என்ன நினைக்கறான்னா, இன்னும் ரெண்டு மூணு சின்னப் பெட்டி இருந்தா நல்லாயிருக்கும்னு. புயல் சமயத்துல கொஞ்சம் முன்னபின்ன இருக்குமாம்."

"புயல் சமயத்துல எல்லாமே முன்னபின்னதான்யா! என் பொண்டாட்டி சமையல்கூட!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தாளை வெளியே எடுக்கவில்லை. வீட்டுக்குப் போய் அதை மறந்தேன். சனிக்கிழமை சட்டையோடு சேர்ந்து அது வாஷிங் மெஷினில் கூழாகிப்போனது.

திங்கட்கிழமை உனாய்சி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"சொன்னீங்களா மாமா?"

"சொன்னேன்."

"தாளைக் குடுத்தீங்களா?"

"ம்."

"என்ன சொன்னாரு?"

"யோசிக்கறேன்னாரு."

பெரிய பெட்டி வந்தது. கம்பத்தில் ஏறி அவளே மாட்டினாள். பிறகு, எல்லா அறைகளிலும் சோதித்தாயிற்று, சிக்னல் திருப்தி என்கிற படிவத்தில் கையெழுத்து வாங்கிவர என்னை அனுப்பினார் அபெனிசா. அவள் பேனாவைத் தொடவில்லை.

"நான் சொன்னது எல்லாத்தையும் கேட்டுட்டும் இதுல கையெழுத்து கேக்கறாரா?"

அங்கே, அந்த இடத்தில், இன்னும் வாய் திறந்திருக்கலாம். "ஆமாம்மா" என்றேன்.

படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "தங்கச்சி கேட்டும் ஒரு அண்ணன் இப்படிச் சொன்னா, அதுக்கு மேல நான் பேசினா மரியாதை இல்ல" என்று கையெழுத்துப் போட்டாள்.

பிப்ரவரியில் புயல் வந்தது. காலை பத்து மணிக்கு ஷட்டர் இறக்கினோம். கடைசி ஷட்டர் விழுந்ததும் ஆபரேஷன் அறையில் இருந்த திரைகள் எல்லாம் அப்படியே நின்றுபோயின. உனாய்சி ஒரு நொடிகூட யாரையும் குறை சொல்லவில்லை. நேராகச் சாமான் அறைக்கு ஓடிவந்தாள். நான் கேபிள் சுருளை எடுத்துக் கொடுத்தேன். தரையோடு தரையாக அதை இழுத்துக்கொண்டு போய்ச் சேர்த்து, திரைகளுக்கு உயிர் கொடுக்க நாற்பது நிமிஷம் ஆயிற்று. புயல் கண்டாவுத் தீவுப் பக்கம் திரும்பிவிட்டது, அங்கே நிற்கும் எங்கள் கப்பல் துறையை விட்டு நகரக் கூடாது என்ற சேதி அந்த நாற்பது நிமிஷமும் உள்ளே வர முடியாமல் நின்றது. மலைக்கு அந்தப் பக்கம் ரேடியோவும் எட்டாது. கப்பல் கிளம்பிவிட்டது. திரும்பி வரும்போது பவழப்பாறையில் உரசிச் சாய்ந்தது. ஆட்களைக் காப்பாற்றிவிட்டார்கள். சமையல்காரனுக்கு மட்டும் வலது கை நசுங்கி முழங்கைக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று.

ஏப்ரலில் விசாரணை. மேலிடத்திலிருந்து மூன்று பேர் வந்தார்கள். அபெனிசா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த மூவருக்கும் அது குற்றவாளி நிற்பதுபோலத் தெரிந்திருக்கும்.

"படிவத்துல இருக்கறது உங்க கையெழுத்துதானே?"

"ஆமா."

"ஷட்டர் மூடினா நின்னுடும்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். சொல்லி அனுப்பினேன்."

"யார்கிட்ட?"

"முன்சாமி மாமாகிட்ட."

என்னைக் கேட்டார்கள். "மேனேஜர்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"ஷட்டர் மூடினா நின்னுடும்னு அழுத்தமா சொன்னீங்களா? வரைபடம் ஏதோ குடுத்ததாச் சொல்றாங்களே?"

நீட்டிப்பு எனக்குக் கிடைத்து அப்போது மூன்று மாதம் ஆகியிருந்தது. "சரியா ஞாபகம் இல்லீங்க. வரைபடம் எதையும் நான் பார்த்ததா நினைவில்ல" என்றேன். அவள் தலை நிமிர்ந்தது. ஒரு முறைதான் என்னைப் பார்த்தாள். மறுபடி குனிந்துகொண்டாள். அந்த மாதக் கடைசியில் ஒப்பந்தத்தை ரத்து செய்தார்கள். கோபுரங்களில் ஏறி இறங்கியவளை ஒரு படிவத்தில் கீழே தள்ளிவிட்டோம்.

ஜூனில் வெளிக் கம்பெனி ஆட்கள் புதிதாக அளக்க வந்தார்கள். சுவரைப் பார்த்தார்கள். "ஏற்கெனவே யாரோ சரியா குறி போட்டு வச்சிருக்காங்களே" என்று அந்தப் பெருக்கல் குறிகளின் மேலேயே துளை போட்டார்கள். ஏழு பெட்டி. சாமான் அறையிலிருந்து ஆணிகளை எடுத்துக் கொடுத்தவன் நான்.

என் நீட்டிப்பு முடிந்து விடைபெற்ற அன்று அபெனிசா என் தோளில் கைபோட்டார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

"ஒண்ணு மட்டும் எனக்கு ஆறவே இல்லய்யா முன்சாமி. 'தங்கச்சி கேக்கறா'ன்னு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருந்தா, நான் இல்லன்னு சொல்லியிருப்பேனா? எங்க ஆளுங்கள்ல தங்கச்சி கேட்டு எவனாவது மறுப்பானா? கேக்கவே இல்லையேய்யா அவ."

அப்போதும், "விடுங்க சார், பழசு" என்றேன்.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்காக ரா மாவட்டத்து ரக்கிராக்கி ஊருக்குப் போயிருந்தேன். வழியில் போன் கீழே விழுந்து கண்ணாடி உடைந்தது. மார்க்கெட்டுக்குப் பின்னால் பழைய கப்பல் கன்டெய்னரில் ஒரு பெண் போன் கடை வைத்திருப்பதாகச் சொன்னார்கள். போனேன். உனாய்சி. முன்தலை முடி நரைத்திருந்தது. "வாங்க முன்சாமி சார்" என்றாள். மாமா போய்விட்டது.

பெரிய பெண்ணுக்குப் படிப்பு பாதியில் நின்றுவிட்டதாம். சின்னவள் கடையில் கூட இருக்கிறாளாம். கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். கண்ணாடியைப் பொருத்தி, ஈரத்துணியால் துடைத்து, இரண்டு கையாலும் நீட்டினாள். நான் அதை வாங்கிக்கொண்டு அங்கேயே நின்றேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் நின்றேன்.

"அபெனிசா ஊருக்கே வந்துட்டாரு தெரியுமா?" என்றாள். "எங்க வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருக்காரு. தினம் பார்க்கறேன். அவரு வந்தா நான் ஒதுங்கிக்கறேன், நான் வந்தா அவரு ஒதுங்கிக்கறாரு."

"பாவம், அவரும்..." என்று ஆரம்பித்தேன்.

"ஒண்ணே ஒண்ணு அவர்கிட்ட கேக்கணும்னு இருக்கு. அன்னிக்கு முன்சாமி வந்து உங்ககிட்ட என்ன சொன்னாருன்னு."

போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

"ஆனா அதைக் கேக்கவும் நடுவுல ஒரு ஆளை அனுப்பணுமே சார்" என்றாள் உனாய்சி. "அவன் போய் என்னத்தைச் சொல்லுவானோ."