மண் அணைக்குள் கேட்ட சத்தம்

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். 'தூக்கக் கலக்கம்', 'தனியா இருந்தா அப்படித்தான் தோணும்' என்று எனக்கு ஆறுதல் சொல்ல வருகிறவர்கள் மட்டும் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். அதெல்லாம் காது புளிக்கக் கேட்டாயிற்று. அன்று நான் கண்ணை மூடவில்லை.

என் வேலை ஒரு சின்ன மண் அணையைக் காவல் காப்பது. பெரிதாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். இரண்டு மாடி உயரம், மேலே ஒரு ஜீப் போகிற அகலம், முழுக்க மண். ஆனால் அது தடுத்து வைத்திருக்கும் தண்ணீரில்தான் மீன்கள் குஞ்சு பொரிக்கின்றன. அந்தத் தண்ணீரில் பாதி மூழ்கி நிற்கும் மரங்களில்தான் நாரைகள் கூடு கட்டுகின்றன. மரத்தடியில் தண்ணீர் இருக்கும்வரை நரியோ காட்டுப்பூனையோ கிட்டே வர முடியாது. வற்றினால் ஒரே ராத்திரியில் கூடு காலி. அந்த வருஷம் குஞ்சுகளுக்கு இறகு முளைத்துவிட்டது, பறக்கத்தான் இன்னும் மூன்று வாரம் வேண்டும்.

அப்போது பார்த்துத்தான் அணையின் வெளிப்பக்கத்து அடியில் கசிவு கண்டது. மண் அணை என்றால் கொஞ்சம் கசியத்தான் செய்யும். கசிகிற தண்ணீர் தெளிவாக வந்தால் கவலையில்லை. கலங்கி வந்தால் உள்ளே மண் கரைகிறது என்று அர்த்தம். இன்ஜினியர் ஒரு கண்ணாடி பாட்டிலைக் கையில் கொடுத்து, மணிக்கு ஒருமுறை கசிவைப் பிடித்து டார்ச்சில் பார்க்கச் சொன்னார். விடிந்ததும் அவரே வந்து பார்ப்பார். கலங்கியிருந்தால் அணை தானாக உடைவதற்குள் ஓரமாக வெட்டி, தண்ணீரை வடித்துவிட வேண்டியதுதான். கீழே சதுப்பு நிலம் மட்டும்தான், வீடு வாசல் எதுவும் இல்லை. மனிதருக்கு ஆபத்து இல்லை. குஞ்சுகளைப் பற்றி அவரும் வருத்தப்பட்டார், நல்ல மனிதர்தான்.

வெட்டுகிற இயந்திரத்தைச் சாயங்காலமே கொண்டுவந்து நிறுத்தியாயிற்று. ஓட்டி வந்தது யார் தெரியுமா? என் கூடப்பிறந்த தம்பி. அவன் பிழைப்பே அதுதான். இறங்கினதும் என்னை வீட்டுக்குக் கூப்பிட்டான். அணை உடைந்தால் முதலில் போகிறவள் நீதான் என்றான். நான் அசையவில்லை.

"அந்த நாரைங்க உனக்கு என்ன மாமன் மச்சானா?" என்றான்.

"உன்னைவிட மேல். விடிஞ்சதும் வந்து கூட்டைக் கலைக்கிறேன்னு நிக்காது" என்றேன்.

அவன் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

பத்து மணிக்குப் பாட்டில் தெளிவு. பதினொன்றுக்கும் தெளிவு. பன்னிரண்டுக்குப் பிடித்தது குடிக்கலாம் போல இருந்தது. எனக்குத் தைரியம் வந்தது. கொண்டுபோன ரொட்டியைத் தின்றுவிட்டு, அணையின் அடியில் கசிவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தேன்.

பன்னிரண்டே முக்கால் இருக்கும். தவளைச் சத்தம் நின்றது. கொஞ்சம் கொஞ்சமாக இல்லை, எல்லாத் தவளையும் ஒரே சமயத்தில் வாயை மூடிக்கொண்டன. பாம்பு வந்திருக்கும் என்று நினைத்தேன். அணை மேலே ஏறித் தண்ணீர்ப் பக்கம் டார்ச் அடித்தேன். பாம்பு இல்லை. ஆனால் மரங்களில் இருந்த நாரைகள் ஒன்றுகூடத் தூங்கவில்லை. எல்லாம் எழுந்து நின்றுகொண்டிருந்தன. எல்லாம் அணையையே பார்த்துக்கொண்டிருந்தன.

கீழே இறங்கினேன். அப்போதுதான் கேட்டது.

தொம்...

மண்ணை இறுக்க மரக்கட்டையால் குத்துவார்களே, அந்தச் சத்தம். எங்கிருந்து என்று சுற்றிப் பார்த்தேன். யாரும் இல்லை.

தொம்... தொம்...

அணைச் சரிவில் உள்ளங்கையை வைத்தேன். அதிர்ந்தது. சத்தம் அணைக்கு உள்ளேயிருந்து வந்தது.

பயந்தேன். இதில் மறைக்க என்ன இருக்கிறது? ஆனாலும் மணி ஒன்றாகிவிட்டதே என்று பாட்டிலைப் பிடித்தேன். டார்ச்சில் காட்டினேன்.

கலங்கல். பால் விட்ட டீ நிறம்.

விரல் அளவு இருந்த கசிவுத் துளை வளையல் அளவுக்கு அகன்றிருந்தது. இன்ஜினியருக்குப் போன் செய்ய வேண்டும். எடுத்தேன். சொன்னால் அரை மணி நேரத்தில் தம்பியின் வண்டி உறுமும், அதோடு எல்லாம் முடிந்தது. மூட்டை அடுக்கிப் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று போனைப் பைக்குள் போட்டேன். அவசரத்துக்கு என்று மணல் மூட்டைகள் அங்கேயே கிடந்தன. ஒவ்வொன்றாக இழுத்துத் துளையைச் சுற்றி வைத்தேன்.

ஒரு மூட்டை வைத்தேன். உள்ளே தொம்... இன்னொன்று வைத்தேன். தொம்...

நான் நின்றால் அதுவும் நின்றது.

இடுப்பு விட்டுப்போயிற்று. மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரம் எந்தச் சத்தமும் இல்லை. பிறகு, துளைக்குள்ளிருந்து...

"இன்னும்."

ஆணா பெண்ணா தெரியவில்லை. வாய் நிறைய மண்ணை வைத்துக்கொண்டு பேசுகிற குரல்.

வேறு யாராவது என்றால் ஓடியிருப்பார்கள். எனக்கு ஓடத் தோன்றவில்லை, கோபம்தான் வந்தது. என் அணையில் உட்கார்ந்துகொண்டு எனக்கே வேலை சொல்ல இது யார்?

"வைக்கத்தானே போறேன். அதட்டாதே" என்றேன்.

மூட்டைகள் தீர்ந்தன. கலங்கல் நிற்கவில்லை. களிமண்ணை உருட்டி எடுத்து, துளைக்குள் அடைக்கலாம் என்று வலது கையை விட்டேன். முழங்கைவரை போயிற்று.

உள்ளே ஒரு கை என் மணிக்கட்டைப் பிடித்தது.

சில்லென்ற கை. ஐந்து விரலும் தெரிந்தது.

கத்தினேன். இழுத்தேன். வரவில்லை. காலை ஊன்றி இழுத்தேன். வரவில்லை...

"இழுத்துப் பாரு" என்றேன். "நான் வர்றதா இல்லை. குஞ்சுங்க பறக்கட்டும். அப்புறம் நீ யாரா இருந்தாலும் பேசிக்கலாம்."

அது இழுக்கவில்லை. விடவும் இல்லை.

தொம்...

கிட்டே வந்தது.

தொம்...

என் விரல் நுனியில் ஈர மண் வந்து முட்டியது. இன்னும் முட்டியது. யாரோ அந்தப் பக்கத்திலிருந்து அடைத்துக்கொண்டே வருகிறார்கள்.

அப்படியே கிடந்தேன். கன்னம் சேற்றில். எவ்வளவு நேரம்... தெரியாது. அழுதேன். திட்டினேன். இருக்கிற கெட்ட வார்த்தை எல்லாம் தீர்ந்தது.

கிழக்கே லேசாக வெளுத்தபோது, பிடி விட்டது.

கையை உருவினேன். பின்னாலேயே களிமண் வந்து துளையை மூடியது.

தவளைகள் கத்த ஆரம்பித்தன.

இன்ஜினியரும் தம்பியும் வந்து இறங்கினார்கள். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். துளை இருந்த இடத்துக்குப் பக்கத்தில் நூல் மாதிரி ஒரு கசிவு மட்டும் இருந்தது. இன்ஜினியர் அதைப் பாட்டிலில் பிடித்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். துளித் தூசி இல்லை. மறுநாளும் பார்ப்போம் என்று வண்டியை அனுப்பச் சொன்னார். மறுநாளும் தெளிவு, அதற்கு அடுத்த நாளும் தெளிவு.

தம்பி மட்டும் என் கையைப் பார்த்தான். மணிக்கட்டைச் சுற்றி விரல் விரலாகக் கன்றியிருந்தது. தன் இடது கையை அதன் மேல் வைத்தான், கட்டைவிரல் மறுபக்கம் போனது. வலது கையை வைத்தான், பொருந்தியது. சட்டென்று கையை எடுத்துக்கொண்டான்.

மூன்று வாரத்தில் குஞ்சுகள் பறந்தன. ஒன்றுகூடச் சாகவில்லை, அதைச் சொல்வதில் எனக்கு இன்றும் திமிர்தான். கோடையில் தண்ணீர் இறங்கி, மீன்கள் ஆழமான மடுவுக்குப் போன பிறகு, அந்த இடத்தைத் தோண்டிச் சரிசெய்ய இன்ஜினியர் ஏற்பாடு செய்தார். தம்பிதான் தோண்டினான். நானும் நின்றேன்.

துளை அணையின் நடுவரை போயிருந்தது. அகலம் முழுக்க வளையல் அளவுதான், எலி போகலாம், ஆள் போக வழியே இல்லை. அது முழுவதும் களிமண்ணால் இறுக்கி அடைக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு அடைப்பிலும் மனிதக் கை பதிந்திருந்தது, தண்ணீர்ப் பக்கத்திலிருந்து வெளியே பார்த்து அமுக்கிய கை.

இன்ஜினியர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"எல்லாமே இடது கை" என்றார். "ஒண்ணுகூட வலது கை இல்லை. அந்த இன்னொரு கை என்ன பண்ணிக்கிட்டிருந்துச்சு?"

தம்பி இயந்திரத்தை நிறுத்திவிட்டு என் மணிக்கட்டைப் பார்த்தான்.

"அணை நின்னுச்சா இல்லையா? மூடுங்க" என்றேன்.

புது மண் போட்டு மூடினார்கள். எனக்கு வேறு இடத்துக்கு மாற்றல் தருவதாகச் சொன்னார்கள், வேண்டாம் என்றுவிட்டேன். அந்தக் கன்றல் இன்னும் ஆறவில்லை.