கழுத்தில் போட்ட வயலட் கட்டம்

எழுபதுகளின் கடைசியில் என் வீட்டுக்காரருக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்தது. மதுரையில் கரண்ட் வைத்தார்கள். கதிர் சிகிச்சையை அப்போது எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். வார நாளெல்லாம் மதுரையில் என் தங்கை வீட்டில் தங்கல். சனி, ஞாயிறு எங்கள் ஊர் போடிக்கு வந்துவிடுவோம்.

கதிர் படவேண்டிய இடத்தைச் சுற்றிக் கழுத்தில் வயலட் மையால் கட்டம் போட்டிருந்தார்கள். நர்சம்மா கண்டிப்பாகச் சொன்னார்: "கோடு அழியக் கூடாது. அந்த எடத்துல சோப்பு, எண்ணெய், பவுடர், பிளேடு எதுவும் படக் கூடாது. காலர் உரசக் கூடாது. வெயில் ஆகாது. இல்லேன்னா தோல் புண்ணாயிரும்."

ஏலக்காய் வியாபாரத்துக்காகக் குரங்கணி மலைக்கு ஜீப்பில் தொங்கிக்கொண்டு போகிற மனிதர் அவர். காய்ச்சல் மாத்திரையைக்கூட ஒழுங்காக விழுங்கியதில்லை. இதை மட்டும் வேதவாக்காகப் பிடித்துக்கொண்டார். கல்யாணத்துக்கு எடுத்த பட்டுச் சட்டை உட்பட எல்லாவற்றிலும் காலரைக் கத்தரித்தார். பஸ்சுக்குள் குடையை விரித்துக் கண்டக்டரோடு மல்லுக்கு நின்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவாரத்திலிருந்து அவருடைய அக்கா விளக்கெண்ணெய்ப் பாட்டிலோடு வந்தார். இவர் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார்.

"என்னத்தா இது, கழுத்துல கிறுக்கி வச்சிருக்கு?"

"தொடாதீக மதினி. டாக்டர் போட்ட கோடு."

"கரண்ட்டு வச்ச ஒடம்பு கொதிக்கும்த்தா. எண்ணெ வச்சாத்தான் குளுரும். வெரசா ஒரு ஈரத்துணி கொண்டா, மொதல்ல மையத் தொடைப்போம்."

நான் நகரவில்லை. மதினி தன் முந்தானையையே நனைத்துக்கொண்டு போனார். ஈரம் பட்டதுதான் தாமதம், இவர் துள்ளி எழுந்தார். குரல் எழும்பாத தொண்டையில், "கோடு! கோடு!" என்று கரகரத்தபடி குடையைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினார். பின்னால் மதினி பாட்டிலோடு, "நில்லுடா தம்பி!"

எங்கள் தெருவோ மலைப் பாதையை ஒட்டியது. அங்கே ஆள் ஓடினால் யாரும் காரணம் கேட்பதில்லை. "யானை!" என்று ஒருவர் கத்த, தெருவே சேர்ந்து ஓடியது. லோடு ஜீப்பு டிரைவர் வண்டியை நிறுத்தி, "ஏறுங்கண்ணே! யானை எங்க?" என்றார்.

இவர் மூச்சு வாங்கியபடி பின்னால் கையைக் காட்டினார். அங்கே மதினி மட்டும்தான் வந்துகொண்டிருந்தார்.

கட்டத்தில் ஓர் ஓரம் மங்கியிருந்தது. மறுநாள் மதுரையில் டாக்டரே திரும்ப வரைந்தார். சிகிச்சை முடிகையில் அந்த இடம் கத்தரிக்காயாகக் கறுத்து லேசாக உரிந்தது, ஆனால் புண்ணாகவில்லை. நர்சம்மா மற்ற நோயாளிகளை அழைத்துக் காட்டினார். இவருக்குப் பெருமை தாங்கவில்லை.

மதினிதான், "கூடப் பெறந்தவள யானைன்னுட்டான்" என்று வெகுநாள் பேசவில்லை. குரல் தேறியதும் இவர் தேவாரம் போய், மதினி கையால் கறிச்சோறு தின்று சமாதானமாகி வந்தார்.