பால்சுறாவைக் காப்பாற்றிய மாப்பிள்ளை

நான் முட்டாள் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். தொண்ணூறுகளின் கடைசியில், பிள்ளை பெற்று ஆறு நாளான மனைவிக்குப் பால்சுறா வாங்கக் காரைக்குடி மீன் கடைக்குப் போய், மீன்கார அக்காவிடம் சுறாவைக் கொல்வது பாவம் என்று பிரசங்கம் செய்தவன் நான். அதுவும் அவர் அரிவாள்மனையில் உட்கார்ந்திருந்தபோது.

அதற்கு முன் இரண்டு வருடம் மாலத்தீவில் வாத்தியார் வேலை. அங்கே வெள்ளைக்காரர்கள் கடலில் முங்கிச் சுறா பார்க்க வருவார்கள். அதனால் அந்தப் பக்கங்களில் சுறா பிடிக்கக் கூடாதென்று அரசாங்கம் தடை போட்டிருந்தது. ஊருணியில் முழங்காலுக்கு மேல் இறங்காத நானும் ஒருநாள் வீறாப்பாக முங்கினேன். ஆள் நீளச் சுறா ஒன்று எதிரே வந்து, என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, வேண்டாமென்று போய்விட்டது. என்னைத் தின்னாத ஜீவனை நான் தின்பதா? படகில் ஏறி, நடுக்கம் நிற்பதற்குள் சபதம் எடுத்துவிட்டேன்.

சபதத்தோடு ஊர் வந்தால், மாமியார் வீட்டில் என் மகள் பால் போதாமல் வீல்வீலென்று அழுகிறாள். பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப்புட்டு கொடுத்தால் பால் ஊறும் என்பது எங்கள் பக்கத்தில் டாக்டர் சீட்டு மாதிரி.

"ஏன் சார், ஒங்க தீவுச் சுறாவும் எங்க தொண்டிக் கடல் சுறாவும் பங்காளியா?" என்றார் மீன்கார அக்கா. "இதக் குடுக்காம, அழுகுற பிள்ளைக்கு என்ன பதில் சொல்லப் போறீக?"

"பாறை மீன் குடுங்க. தோலு, முள்ளு எல்லாம் எடுத்து."

"முள்ளெடுத்துச் சுளையாத் தர இது என்ன பலாப்பழமா?" முனகிக்கொண்டே எடுத்துத் தந்தார்.

"நீங்க பிள்ளையப் பாருங்க அத்தை, சுறாவ நான் அவிக்கிறேன்" என்று அடுப்படிக்குள் புகுந்தேன். வெந்நீர்கூடப் போட்டறியாத மருமகனை மாமியார் ஒரு தினுசாகப் பார்த்தார். நான் உதிர்த்துக் கொடுத்ததில் பூண்டை அள்ளிப் போட்டுப் புட்டு கிண்டினார். மனைவி சாப்பிட்டாள்.

மூன்று நாள் இதே நாடகம். மகள் சிணுங்கினாலே ஓடிப்போய் எட்டிப் பார்த்தேன். சுறாவைக் காப்பாற்றப் போய்ப் பெற்ற பிள்ளையைப் பட்டினி போடுகிறேனோ?

மூன்றாம் நாள் மத்தியானம், சந்தேகம் வராமலிருக்க, "சுறான்னா சுறாதான்!" என்று நானும் ஒரு கை அள்ளி வாயில் போட்டேன். தொண்டையில் முள் மாட்டியது. கண் பிதுங்க இருமினேன். வெறுஞ்சோற்றை உருட்டித் தந்து விழுங்கவைத்த மாமியார், முள் இறங்கியதும் நிதானமாகக் கேட்டார்.

"சுறாவுல ஏது மாப்பிள்ள முள்ளு?"

தீவு, சபதம், பாறை மீன் எல்லாவற்றையும் உளறிக் கொட்டினேன். அப்புறம் சட்டையை மாட்டிக்கொண்டு, "இப்பவே ஓடிப்போயி நெசச் சுறாவே வாங்கியாரேன் அத்தை!" என்று வீடு அதிரச் சொன்னேன்.

மாமியார் அறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"பிள்ள வயிறு நெறஞ்சு தூங்குது, கத்தாதீக."